மாதிரி விமானம்: அதன் வரலாறும் அது கற்பிக்கும் பாடமும்

பெரிய பொருள் முன்னே தோன்றும். அதனைப் பார்த்துச் செய்த விளையாட்டுப் பொருள் பின்னே தோன்றும். இதுவே உலக வழக்கு. தேரைக் கண்டு சிறுதேர் செய்தனர்; மரக்கலத்தைக் கண்டு காகிதக் கப்பல் செய்தனர். ஆகாய விமானத்தின் வரலாற்றிலோ இம்முறை மாறி நிகழ்ந்தது. மனிதனைச் சுமந்து, தன் எந்திர வலிமையாற் பறந்து, செலுத்துவோன் கருத்துக்கு அடங்கிய விமானம் 1903ஆம் ஆண்டிலே தோன்றிற்று. கையில் எடுத்து வீசத்தக்க சிறு மாதிரி விமானமோ அதற்கு 99 ஆண்டுகளுக்கு முன்னரே பறந்துவிட்டது. சிறியது பெரியதற்கு ஆசானாய் அமைந்தது.

இன்று மரத்துண்டுகளும் வரைபடமும் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, ஒட்டிச் சேர்த்து, வானொலிக் கருவி பொருத்தி, நிலத்தில் நின்றவாறே விமானத்தைச் செலுத்தும் கலை உலகெங்கும் பரவியுள்ளது. பலர் இதனைப் பொழுதுபோக்கு என்பர். அதனை மறுத்தற்கில்லை. ஆயினும், அப்பெட்டிக்குள் இருப்பவை மரத்துண்டுகள் மாத்திரமல்ல. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகால ஆராய்ச்சியும், பல தோல்விகளும், சிலரது வாழ்நாட் துன்பமும் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றை முறைப்பட நோக்கின், ஓர் உண்மை தெற்றெனப் புலனாகும். வானொலி விமானத்துக்கு வழிகாட்டும். ஆனால் அதனைப் பறக்கச் செய்யமாட்டாது. தானே நிலைதளராது பறக்கவல்ல விமானமே பிறர் ஏவலுக்கும் அடங்கும். இவ்வுண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதையும், வன்னிப் பெருநிலத்தில் வாழும் எமக்கு அஃது உணர்த்துவது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இலக்கியத்திற் பறந்த பொறி

தமிழ் மாணவர்க்கு விமானம் என்றவுடன் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி நினைவுக்கு வருதல் இயல்பு. திருத்தக்க தேவர் பாடிய அக்காப்பியத்திலே, சச்சந்தன் என்னும் அரசன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவான பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். துணி, நூல், அரக்கு, மெழுகு, பிசின் முதலியன கொண்டு ஏழு நாளில் அஃது ஆக்கப்பட்டதாகப் புலவர் கூறுகின்றார். பொறியை ஒருபுறம் திருகினால் ஏறும்; மறுபுறம் திருகினால் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகின்றாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிவிடவே, மயில் சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கேயே சீவகன் பிறக்கின்றான்.

புறநானூற்றின் 27ஆம் செய்யுளில் ஓட்டுவோன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தி பற்றிய குறிப்பு உண்டு. நல்வினை செய்தோர் அடையும் மேலுலகப் பேற்றைக் கூறுமிடத்து அக்குறிப்பு வருகின்றது.

இவற்றைச் சான்றாகக் கொண்டு எம் முன்னோர் விமானம் செய்தனர் எனச் சாதித்தல் வரலாற்று நெறியாகாது. அவை கற்பனையின் ஆக்கங்கள். அவ்வளவில் அவை பெருமையுடையனவே. எனினும் அக்கற்பனையிலே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, இலேசான பொருள்களாலேயே பறக்கும் பொறி அமையவேண்டும் எனப் புலவர் உணர்ந்தமை. மற்றையது, செலுத்துவோள் மயங்கிய பின்னும் பொறி தலைகுப்புற வீழாது தரையிறங்கியது எனப் பாடியமை. இவ்விரண்டுமே பிற்காலத்து மாதிரி விமானம் செய்வோர் தேடிய பண்புகளாம்.

பட்டத்திலிருந்து விமானத்திற்கு

வரலாற்றின் மெய்யான தொடக்கம் பட்டத்தில் உள்ளது. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றும் காட்சியைக் கண்டோர், எம் மக்கள் இக்கலையிற் பெற்றுள்ள தேர்ச்சியை நன்கறிவர். விண் பூட்டிய பட்டம் இரவெல்லாம் கூவிக்கொண்டு நிற்கும். பட்டம் கட்டுவோர் யாவரினும் கைதேர்ந்தவர் முச்சை கட்டுவோரே. முச்சை நூல்களின் நீளம் சிறிது பிழைத்தாலும் பட்டம் குத்தும். அல்லது காற்றை ஏற்காது மல்லாந்துவிடும். காற்றுக்குப் பட்டம் எக்கோணத்தில் முகங்காட்டவேண்டும் என்பதை அம்முச்சையே தீர்மானிக்கின்றது.

இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியைச் சேர்ந்த சேர் யோர்ச் கெயிலி (1773–1857) என்பார் இப்பட்டத்தையே எடுத்துக்கொண்டார். அக்காலத்தோர் பறவையைப் பார்த்துச் சிறகடிக்கும் பொறி செய்ய முயன்று தோற்றனர். கெயிலி, உயர்த்தும் தொழிலையும் முன்செலுத்தும் தொழிலையும் வேறுபிரித்து நோக்கினார். சிறகு அசையாது நின்று உயர்த்தட்டும். முன்செலுத்துதற்கு வேறு வழி காண்போம் என்பது அவர் கருத்து. இக்கருத்தை 1799ஆம் ஆண்டிலே ஒரு வெள்ளித் தகட்டிற் பொறித்துவைத்தார். 1804ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 அடி நீளமான கோலொன்றின் முற்பகுதியிலே காகிதப் பட்டத்தைச் சிறு கோணமாகச் சாய்த்துப் பொருத்தினார். பிற்பகுதியில் திருப்பத்தக்க வாலை அமைத்தார். முனையிற் பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் புவியீர்ப்பு மையத்தைச் சரிசெய்தார். குன்றின் மேலிருந்து வீசப்பட்ட அப்பொறி அமைதியாகச் சறுக்கிச் சென்றது. இறக்கை, உடல், வால் என இன்று நாம் காணும் விமான வடிவம் அன்றே தோன்றிற்று. நூல் பிடித்த கை செய்த வேலையைப் பொறியின் சமநிலையே செய்யத் தொடங்கியது. முச்சை அறுந்தும் குத்தாத பட்டம் எனக் கெயிலியின் பொறியை எம் வழக்கிற் கூறலாம்.

பெனோவின் பதினொரு விநாடிகள்

இச்சமநிலையின் காரணத்தைத் தெளிவாக உணர்ந்தவர் பிரான்சு தேசத்து அல்போன்சு பெனோ ஆவார். 1850இற் பிறந்த இவர் இடுப்பு நோயினால் நடப்பதற்கே இடர்ப்பட்டவர். கடற்படையிற் சேரும் விருப்பம் நிறைவேறாமையால் வானத்தை நோக்கி மனத்தைத் திருப்பினார் என்பர். முறுக்கிய இறப்பர் நாடா விரியும்போது வெளிப்படும் விசையினால் சிறு விசிறியைச் சுழற்றலாம் என 1870இற் காட்டினார். மறு ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள், பாரிசு நகரின் துயிலெரீசுப் பூங்காவிலே, அறிஞர் பலர் முன்னிலையில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் நீளம் ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர். நிறை 16 கிராம். அஃது 11 விநாடிகளில் 40 மீற்றர் வரை பறந்தது.

பதினொரு விநாடி என்பது மூச்சு மூன்று விடும் பொழுதே. ஆயினும் அப்பொழுதிலே ஒரு பெரும் வினா தீர்ந்தது. பெனோ வாலின் கிடைத்தகட்டை இறக்கையிலும் சற்றுக் குறைந்த கோணத்தில் வைத்தார். மூக்குத் தாழ்ந்தால் விமானத்தின் வேகம் பெருகும்; அப்போது வால் கீழ்நோக்கி அழுத்தப்பட்டு மூக்கை மீண்டும் நிமிர்த்தும். மூக்கு மிக உயர்ந்தால் வேகம் குறையும். வால் தன் பிடியைத் தளர்த்த, மூக்குத் தாழ்ந்து பழைய நிலையை அடையும். இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தமையால் பக்கச் சாய்வும் தானே திருந்திற்று. செலுத்துவோன் எவனும் இல்லாத அச்சிறு பொறி, தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது.

பெனோ மேலும் பல திட்டங்களை வகுத்தார், உதவுவோர் இலர். மனமுடைந்த நிலையில், 1880ஆம் ஆண்டிலே, முப்பது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் விதைத்த விதை வேறிடத்தில் முளைத்தது. இறப்பர் விசையாற் சுழன்று மேலெழும் விளையாட்டுப் பொறியொன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இளம் புதல்வர் இருவருக்கு வாங்கிச் சென்றார். அது பெனோவின் ஆக்கத்தைத் தழுவியது. அப்புதல்வரே வில்பர், ஒர்வில் என்னும் றைற் சகோதரர். அவர்கள் அப்பொம்மையைப் பார்த்துத் தாமும் பல செய்தனர். ஆனால் பெரிதாகச் செய்யச் செய்ய அவை குறைவாகவே பறந்தன. இருமடங்கு அளவான பொறிக்கு எட்டுமடங்கு வலு வேண்டும் என்பது தமக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை எனப் பின்னாளில் அவர்களே எழுதினர். பொம்மை பறக்காமற் போனதும் ஒரு கல்வியாயிற்று.

மாதிரியின் எல்லையைக் காட்டியவர் சிமித்சோனியன் நிறுவகத்தின் தலைவரான சாமுவேல் லாங்லி. அவர் செய்த, ஆளில்லாத நீராவி விமானம் 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பொற்றோமக் ஆற்றின் மீது ஏறத்தாழ 1,000 மீற்றர் பறந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்தோருள் தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல்லும் ஒருவர். ஊக்கமடைந்த லாங்லி அதனையே பெருப்பித்து ஆளேற்ற முயன்றார். 1903 ஒக்ரோபரிலும் டிசெம்பரிலும் இரு முறையும் அஃது ஆற்றில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களின் பின் றைற் சகோதரர் வென்றனர். லாங்லி மாதிரியை நம்பினார். ஆனால் செலுத்தும் கலையை முன்னர்ப் பயிலவில்லை. றைற் சகோதரரோ பட்டமாகவும் சறுக்கு விமானமாகவும் தம் பொறியைப் பல காலம் பழகிய பின்னரே எந்திரம் பொருத்தினர். தானே பறக்கும் ஆற்றலும் வேண்டும்; செலுத்தும் அறிவும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மரமும் பெட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மாதிரி விமானம் ஆராய்ச்சியாளர் கையிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்குப் பெருந்துணை புரிந்தது பால்சா என்னும் மரம். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாடு இதற்குப் பேர்பெற்றது. பால்சா என்பது ஸ்பானிய மொழியில் தெப்பத்தைக் குறிக்கும் சொல். 1947இல் நோர்வே நாட்டவரான தோர் ஹையடால் ஒன்பது பால்சாக் கட்டைகளைப் பிணைத்துப் பசிபிக் சமுத்திரத்தை 101 நாளிற் கடந்தமை பலரும் அறிந்ததே.

எமது காட்டு மரங்களோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் இதன் தன்மை விளங்கும். நெடுங்கேணிக் காட்டிலே நிற்கும் முதிரையின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம். பாலை மரத்தின் வைரமோ நீரில் அமிழ்ந்துவிடும். பால்சாவின் அடர்த்தி சராசரி 160 கிலோகிராம் மாத்திரமே. முதிரையும் பாலையும் பல பத்தாண்டு வளர்ந்து வைரமேறும். பால்சாவோ ஆறு முதல் பத்து ஆண்டுகளில் வெட்டத்தக்க நிலையை அடையும். வீட்டு வளைக்கும் வண்டிச் சில்லுக்கும் முதிரையும் பாலையும் சிறந்தன. பறத்தற்குப் பால்சாவே சிறந்தது. ஒரு பொருளின் பெருமை அது கொண்ட தொழிலாலேயே அளக்கப்படும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பால்சா விளையாட்டுப் பொருளுக்கே உரியதென எண்ணுதலும் தவறு. இரண்டாம் உலகப் போரில் அதிவேக விமானங்களுள் ஒன்றாக விளங்கிய 'மொஸ்கிற்றோ'வின் உடல், ஒட்டுப்பலகைகளின் இடையே பால்சாவை வைத்து ஆக்கப்பட்டதேயாம்.

மரம் கிடைத்தபின் பெட்டி வந்தது. முழு அளவு வரைபடம், விலாக்கள் அச்சிடப்பட்ட மெல்லிய மரத்தகடுகள், நீண்ட மரச்சலாகைகள், மெல்லிய தாள், விசிறி ஆகியவற்றை ஒருங்கே அடக்கி விற்கும் வழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேரூன்றிற்று. இங்கிலாந்தின் கீல்கிராவ்ற் என்னும் நிறுவனத்தின் பெட்டிகள் போருக்குப் பிந்திய தலைமுறைச் சிறுவரிடையே பெரும் பெயர் பெற்றன. வேக்பீல்ட் பிரபு வழங்கிய கிண்ணத்துக்காக 1928 முதல் இறப்பர் விசை மாதிரிகளுக்கான போட்டி நடைபெற்றுப் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது.

இப்பெட்டியிலிருந்து விமானம் உருவாகும் முறையைச் சுருங்கக் கூறுவாம். சமதளமான பலகையில் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதவாறு மெழுகுத் தாளொன்றை அதன்மேற் பரப்புவர். கூரிய தகட்டினால் விலாக்களை வெட்டி எடுத்து, ஒன்றன் மேலொன்றாக அடுக்கி, உரத்தாளால் ஒரே அளவாக உரைப்பர். சலாகைகளைக் கோடுகளின் மீது வைத்துக் குண்டூசிகளால் இருமருங்கும் தாங்கி, விலாக்களை நிறுத்திப் பசையிடுவர். பசை காயுமுன் எடுப்பின் இறக்கை முறுகிவிடும். இரு இறக்கைகளையும் நடுவில் இணைக்கும்போது நுனிகள் மேலெழுமாறு கோணம் வைப்பர். இது பெனோவின் பாடம். சட்டம் முடிந்ததும் மெல்லிய தாளை ஒட்டி, நீர் தெளிப்பர். நீர் உலர உலரத் தாள் மத்தளத் தோல்போல் இறுகும். அதன்மேல் செலுலோசு வார்னிசு பூசுவர்.

இதன்பின் வருவதே முதன்மையான சோதனை. இறக்கையின் கீழ் இரு விரல்களை வைத்து விமானத்தைத் தாங்கிப் பார்ப்பர். குறித்த இடத்தில் அது சமநிலை எய்தாவிடின், மூக்கிலோ வாலிலோ சிறிது பாரம் சேர்ப்பர். பின்னர்ப் புல்வெளியில் நின்று, எந்திரத்தை இயக்காது, மெல்ல முன்னோக்கி விடுவர். அது சீராகச் சறுக்கி இறங்கினாலன்றி எந்திரத்தையோ வானொலியையோ நம்புதல் கூடாது. 1804இல் கெயிலி குன்றின்மேற் செய்ததும் இதுவே. கட்டியவனின் கை எங்கெங்குப் பொறுமையிழந்ததோ, அங்கங்கெல்லாம் விமானம் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வானொலியின் வரவு

தொலைவில் உள்ள பொருளைக் கம்பியின்றி ஏவுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயல்வதாயிற்று. எம் அண்டை நாடான இந்தியாவின் ஜகதீச சந்திர போசு, 1890களின் நடுவிலே கல்கத்தாவில் மின்காந்த அலையைச் சுவரூடு செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898இல் நிக்கொலா தெசிலா நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகை அவ்வாறே செலுத்தி மக்களை வியப்பில் ஆழ்த்தினார்.

படகு நீரில் நின்று ஏவலுக்குக் காத்திருக்கும், விமானமோ காத்திராது. அன்றியும் அக்காலத்து வால்வுகளும் மின்கலங்களும் பாரமானவை. 1930களிலே சிறு பெற்றோல் எந்திரங்கள் விற்பனைக்கு வந்தபின்னரே அப்பாரத்தை மாதிரி விமானம் சுமக்க இயன்றது. 1937இல் தெத்திரோயிற் நகரில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் வானொலி விமானங்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. செஸ்ரர் லான்சோ என்பார் வென்றார். அதே காலத்தில் மிச்சிக்கன் மாநிலத்தின் கலமசூ நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். வோல்ற்றர் குட் மாதிரி விமானம் கட்டுதலில் வல்லவர். வில்லியம் குட் வானொலியில் வல்லவர். இருவர் திறமும் கூடி உருவான 'கஃவ்' என்னும் விமானம், ஏறத்தாழ 8 அடி இறக்கையுடையது. 1938 தொடங்கி மூன்று ஆண்டுகள் அது தேசியப் பரிசை வென்றது. இன்று சிமித்சோனியன் காட்சிச்சாலையில் அது பேணப்படுகின்றது.

அக்காலக் கருவி செய்த வேலை மிகச் சிறிது. நிலத்திலுள்ள செலுத்தியின் பொத்தானை அழுத்தினால் அலை செல்லும். விமானத்திலுள்ள வாங்கி அதனை ஏற்று ஒரு கொளுவியை விடுவிக்கும். முறுக்கிய இறப்பர் நாடா சற்றே விரிந்து சுக்கானை ஒருபுறம் திருப்பும். மீண்டும் அழுத்தினால் சுக்கான் நடுநிலைக்கு வரும். மீண்டும் அழுத்தினால் மறுபுறம் திரும்பும். எப்புறம் திருப்பினோம் என்பதைச் செலுத்துவோனே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பெனோவின் இறப்பர் நாடா இங்கும் பணிபுரிந்தமை சுவையான செய்தியாம்.

இத்தகைய கருவியை நம்பி நிலைதளர்ந்த விமானத்தைப் பறக்கவிடுதல் இயலாது. தானே ஏறி, தானே சமன்செய்து, தானே இறங்கும் விமானத்துக்கு, இடைக்கிடை 'இப்பக்கம் செல்க' எனக் குறிப்புரைத்தல் மாத்திரமே அன்றைய வானொலியின் பணி. 1947இன் இறுதியிலே திரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்ட பின் கருவிகள் சிறுத்தன. 1960களில் கை அசையும் அளவுக்குச் சுக்கானும் அசையும் முறை வழக்குக்கு வந்தது. இன்றைய கருவிகள் நிலைதளர்ந்த பொறியையும் கணினியால் நொடிதோறும் திருத்திப் பறக்க வைக்கின்றன. ஆயினும் கணினி செய்வது பெனோவின் வால் செய்த அதே வேலைதான். காரணத்தை அறிந்தவனுக்குக் கணினி கருவி. அறியாதவனுக்கு அது மந்திரம்.

2003 ஓகஸ்டில் நிகழ்ந்த ஒரு செயல் இக்கலையின் கொடுமுடி எனலாம். மேனாட் ஹில் என்னும் முதியவர், பார்வை பெரிதும் மங்கிய நிலையில், பால்சா முதலியவற்றாற் கட்டிய விமானத்தை நியூபவுண்லாந்திலிருந்து கையால் வீசிவிட்டார். எரிபொருளோடு 5 கிலோகிராம் அளவேயான அது, ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாத்திரம் வானொலியாற் பெற்று, இடையே தன்னியக்கக் கருவியின் துணையோடு அத்திலாந்திக் சமுத்திரத்தை 38 மணி 52 நிமிடத்தில் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. முன்னர் அனுப்பியவை கடலில் மறைந்தும் அவர் தளரவில்லை.

ஒரே கருவியின் இரு முகங்கள்

இதுகாறும் கூறியவை மகிழ்ச்சிக்குரியன. வரலாறு மகிழ்ச்சியை மாத்திரம் கூறுவதன்று. பிரித்தானியா 1935இல் 'குயின் பீ' என்னும், வானொலியாற் செலுத்தப்படும் மர விமானத்தைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தியது. அமெரிக்காவிலே, மாதிரி விமானக் கடை நடத்திய நடிகர் ரெயினால்ட் டெனி, அதே விளையாட்டு விமானத்தைப் படையினர்க்கு இலக்காக்கும் எண்ணத்தை வளர்த்தார். அவர் தொடங்கிய தொழிலகத்தின் வழியே இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்கள் செய்யப்பட்டன. இலக்காகப் பிறந்தது பின்னர் வேவு பார்க்கக் கற்றது. இறுதியிற் குண்டு சுமக்கவும் கற்றது.

இவ்வரலாற்றின் முடிவை வன்னி மக்கள் நூலிற் படித்தறியவில்லை. தலைக்கு மேலே கேட்டறிந்தனர். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசந்துறை வழியாகச் சென்னைக்கு முதன்முதற் பறந்தபோது, விமானம் எமக்கு முன்னேற்றத்தின் அடையாளம். உள்நாட்டுப் போர்க்காலத்திலோ அச்சொல்லின் பொருளே மாறிற்று. மிகையொலி விமானத்தைக் 'கிபிர்' என்றும், இடைவிடாது இரையும் ஆளில்லா வேவு விமானத்தை 'வண்டு' என்றும் எம்மவர் வழங்கினர். வண்டின் இரைச்சல் கேட்டால், அடுத்து வருவது யாதென எண்ணிப் பதுங்குகுழியை நாடிய பிள்ளைகள் இன்று பெற்றோராயும் ஆசிரியராயும் உள்ளனர். 2009இற் போர் முடிந்த பின்னும் வானத்தில் ஒலி எழுந்தால் நிமிர்ந்து நோக்கத் தயங்குவோர் உண்டு.

அதே காலத்தில், 1990 முதல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் மின்கலமும் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயின. அப்போது எம் மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலி கேட்டனர். செய்தி கேட்போர் ஒருபுறம், சுழற்றுவோர் ஒருபுறம். சுழற்சி தளர்ந்தாற் குரலும் தளரும். மின் உற்பத்தியின் தத்துவத்தை எம் சிறுவர் பலர் பாடநூலுக்கு முன் தம் கைநோவினால் உணர்ந்தனர். கருவியின் உள்ளியல்பை அறிந்தோர் இடுக்கணிலும் கைசோரார் என்பதற்கு இஃது எம் வாழ்விலிருந்தே கிடைத்த சான்று.

நெடுங்கேணி மாணவர்க்கு

புளியங்குளத்திலிருந்து கிழக்கே செல்லும் வீதியில், காடும் குளமும் வயலும் சூழ அமைந்தது நெடுங்கேணி. பெயரிலேயே நீர்நிலையைத் தாங்கிய இவ்வூரில், அறுவடை முடிந்த வயல்வெளி விமானம் விடுதற்கு இயற்கை தந்த திடல். பால்சா இங்கு விளையாது. ஆயினும் இலவும் முள்முருங்கையும் இலேசான மரங்களே. மூங்கிற் சிலாகையும் பட்டத் தாளும் எங்கும் உண்டு. பொருள் பொதிந்து வரும் றெஜிபோம் துண்டிலிருந்தும் இறக்கை வெட்டலாம். விலையுயர்ந்த பெட்டி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. கெயிலியிடம் இருந்தவை ஒரு கோலும் ஒரு பட்டமுமே.

வானொலி பொருத்திய கலங்களைப் பறக்கவிடுதற்கு எம் நாட்டிற் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள. 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளின் பின் ஆளில்லா வான்கலங்கள் சிறிது காலம் முற்றாகவே தடைசெய்யப்பட்டிருந்தன. ஆதலின் விதியறிந்து, ஆசிரியர் துணையோடு செய்தலே முறை. இவ்வூரிலே வானத்து இரைச்சலுக்கு அஞ்சிய முதியோர் வாழ்கின்றனர் என்பதை நினைந்து, அவர்க்கு முன்னரே அறிவித்துப் பறக்கவிடுதல் விதியினும் மேலான பண்பு. கையால் வீசும் சறுக்கு விமானத்துக்கோ எந்திரமும் இல்லை, இரைச்சலும் இல்லை. அதுவே முதற்படி. அதனைச் செவ்வனே பறக்கவிட்டவன் பெனோவின் பாடத்தைக் கற்றுவிட்டான். எஞ்சியது கருவி வாங்கும் வேலையே.

கடலுக்கு அப்பால், இராமேசுவரத்துச் சிறுவன் ஒருவன் பறவைகளைப் பார்த்து வளர்ந்து, 1949இல் நிறுவப்பட்ட சென்னைத் தொழினுட்ப நிறுவகத்தில் விமானப் பொறியியல் பயின்று, பின்னர் இந்தியாவின் குடியரசுத் தலைவரானமை யாவரும் அறிந்ததே. அப்துல் கலாம் அவர்களின் ஊருக்கும் எம் மன்னார்க் கரைக்கும் இடையே உள்ளது ஒரு சிறு கடலே. அங்கு இயன்றது இங்கு இயலாதெனக் கருதற்குக் காரணம் இல்லை.

முடிவாக ஒன்று கூறி அமைவாம். ஒரு பொறியைக் கையிற் பிடித்திருக்கும்வரை அதன் குறை தெரியாது. கையை விட்டபின்னரே தெரியும். ஆதலின் அது கையை விடுமுன் செய்யவேண்டியவை யாவும் பலகையின் மேலே, பசை காயும் பொழுதிலே, பொறுமையோடு செய்யப்படவேண்டும். ஆசிரியர் மாணவர்க்குச் செய்வதும் இதுவேயன்றோ? கல்லூரியை விட்டுச் சென்றபின் ஆசிரியரின் குரல் இடைக்கிடையே கேட்கும். சிற்சில வேளை அது கேளாமலும் போகும். அவ்வேளையிலும் நேரே பறக்கவல்லவராய் மாணவரை ஆக்குவதே கல்வி. வன்னியின் பிள்ளைகள் அஞ்சிப் பார்த்த வானத்தை, இனித் தம் கையாற் செய்த சிறு விமானத்தின் பின்னே நிமிர்ந்து பார்ப்பாராக.